மேற்கே போகும் சாலை – 31: வெட்டுப்பட்ட காலும் புற்றடிப் போரும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், திருமுல்லைவாயிலில், ஒரு வெட்டுக்காயத்துக்கு இன்றைக்கும் காப்புச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். படையோடு வந்த தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிட, அவன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் பீறிட்டது என்பது தலபுராணம். மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு இருப்பதற்கு அந்தக் காயத்தைத்தான் காரணம் சொல்வார்கள். சித்திரையில் ஒருமுறை பழைய காப்பைக் களைந்து, புதுச் சந்தனம் சாத்துவார்கள். காயத்துக்குச் செய்யும் பணிவிடை பற்றி இந்த வட்டாரத்தில் பேச்செடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கதை. இந்த இதழுக்கு வேண்டிய காயமும் மருந்தும் மதிலுக்கு வெளியே, புற்றடியில் இருக்கின்றன.

சென்ற இதழில் பூந்தமல்லி டிப்போவில் நிறுத்தியிருந்தோம். கப்பலில் சென்னைக்கு வந்திறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களை முதலில் கொண்டுவந்து வைத்த இடம் அது. படைக்கு இனி உதவமாட்டான் என்று கழிக்கப்பட்டவர்கள் ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்ததும் அங்கேதான். அந்தக் காலத்து ராணுவ சர்ஜனுக்குக் காயம் என்றால் ஒரே கணக்குதான். எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா, காலை எடுத்துவிடு. புண் அழுகி, அழுகல் மேலே ஏறுவதற்குள் எடுத்துவிடு. அழுகலுக்குக் காரணம் கிருமி என்று யாருக்கும் தெரியாது. கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவும் முறையை லிஸ்டர் வெளியிட்டதே 1867இல்தான். மயக்க மருந்துகூட 1846க்குப் பிறகு வந்த புதுசு. தொடையில் கை வைத்தால் பிழைப்பது அரிது. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் தொடையில் காலெடுக்கப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 'எங்கே வெட்டுவது, எவ்வளவு சீக்கிரம் வெட்டுவது' என்ற இந்தக் கேள்வியை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட சர்ஜன் உத்தியோகத்துக்குத்தான் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1836 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 24. எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். கம்பெனி மருத்துவர்களில் பலருக்கும் மாலை நேரத்தில் வேறொரு பைத்தியம் இருக்கும்: ஒருவருக்குச் செடி, ஒருவருக்குப் பாம்பு. ஜெர்டனுக்குப் பறவை. இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் பறவைக்காரர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் நெல்லூர், தலைச்சேரி என்று சிவில் சர்ஜனாக ஊர் ஊராகப் போன அந்த ஆண்டுகளில் அவர் குனிந்து தரையையும் பார்த்திருக்கிறார். 1851இல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் இதழ் அது. இருபத்தைந்து பக்கச் சொச்சம்தான். இந்திய எறும்பியலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்பேன்.

அந்தப் பட்டியலில் அவர் முதன்முதலாகப் பெயரிட்ட எறும்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, நீண்ட தாடையும் பெரிய கண்ணுமாக, இரையைக் கண்டால் எம்பித் தாவிப் பிடிக்கும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். உலகத்தின் சில ஆய்வுக்கூடங்களில் இன்று அதை வளர்க்கிறார்கள். மற்றது நமக்கு வேண்டியது: லெப்டோஜெனிஸ் ப்ராசஷனாலிஸ். ஊர்வலம் போகிற எறும்பு என்று ஜெர்டன் வைத்த பெயர். பொருத்தமான பெயர். இதன் படையெடுப்பு கறையான்மேல்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் இந்தப் பக்கத்து ஏரிக்கரையிலோ, மனை பிரித்துப் போட்டுவிட்டு இன்னும் வீடு எழும்பாத பொட்டலிலோ இந்தப் படையெடுப்பைப் பார்க்கலாம். பளபளவென்று கறுத்த, மெலிந்த உடம்புக்காரர்கள் நாலைந்து பேர் அகலத்துக்குத் தரையோடு தரையாக ஓடுவார்கள். கட்டெறும்பின் நிதான நடையெல்லாம் கிடையாது, ஓட்டம்தான். கறையான் மேய்ந்துகொண்டிருக்கும் மரப்பட்டை, சருகு, மண்பூச்சு எதுவானாலும் அதன் ஓரத்தில் புகுந்து வேலைக்காரக் கறையான்களை இழுத்து வருவார்கள். எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. பெரிய தலையும் வளைந்த தாடையும் கொண்ட சிப்பாய்க் கறையான்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். கைக்கு அகப்பட்ட காலைக் கவ்வினால் விடாது. தலை தனியாகப் போனாலும் தாடை விடாது. திரும்பிப் போகும் ஊர்வலத்தில் எறும்பின் காலில் கறையான் தலை தொங்கிக்கொண்டிருப்பதும், ஐந்து காலோடு ஒருவர் நொண்டிக்கொண்டு ஓடுவதும் குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பாது. (புற்றைக் கலைக்க வேண்டாம். திருவேற்காட்டில் கருமாரியம்மனோடு சேர்த்துப் புற்றையும் கும்பிடுகிற வட்டாரம் இது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.)

ஜெர்டன் வகைபிரிப்பவர். நிறம், நீளம், தாடையின் வடிவு, எங்கே கிடைத்தது, எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த எறும்புக்குப் போய்விட்டார். பூந்தமல்லியில் நொண்டிச் சிப்பாய்களை வைத்திருந்த அதே படையின் மருத்துவர், நொண்டி எறும்பு வீடு திரும்பியதும் என்ன ஆகிறது என்று கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் அரைகுறையாகத்தான் கேட்டார்கள்.

முதலில் கேட்டவர் பியேர் ஆந்த்ரே லாத்ரேய். பிரெஞ்சுப் பாதிரியார். புரட்சிக் காலத்தில் போர்தோவில் சிறையில் கிடந்தவர். சிறைத் தரையில் ஊர்ந்த ஓர் அபூர்வ வண்டை அடையாளம் சொன்னதால் ஆள் தப்பித்தது என்பது பூச்சியியலில் எல்லோரும் அறிந்த கதை. அவர் எறும்புகளின் உணர்கொம்பை நறுக்கிவிட்டுப் பார்த்தார். கூட்டாளிகள் வந்து, வெட்டுப்பட்ட இடத்தில் வாயிலிருந்து தெளிவான ஒரு துளித் திரவத்தைத் தடவின. இரக்கப்பட்டுத்தான் செய்தன என்று லாத்ரேய் எழுதிவைத்தார். அந்த ஒரு சொல்லோடு விவாதம் தடம் மாறிவிட்டது. அடுத்த நூறாண்டுக்குக் கேள்வி 'எறும்புக்கு இரக்கம் உண்டா, இல்லையா' என்பதாகவே நின்றது. தடவிய துளி என்ன, தடவியதால் அந்த எறும்பு பிழைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நிகராகுவாவில் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட், படையெறும்பு ஒன்றின்மேல் சின்னக் கல்லை வைத்தார். அடுத்து வந்த எறும்பு ஓடிப் போய்ப் பல பேரைக் கூட்டிவந்து மீட்டது என்று 1874இல் எழுதினார். லண்டன் வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். எறும்புகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார், புதைத்து வைத்தார், சாராயம் கொடுத்துத் தள்ளாட வைத்தார். குடித்துக் கிடந்த கூட்டாளிகளை மற்றவை கூட்டுக்குத் தூக்கிப் போயின. குடித்துக் கிடந்த அந்நியர்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டன. மயங்கிக் கிடந்தவற்றையோ பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரக்கம் இல்லை என்று முடிவு கட்டப்போன சமயத்தில், உணர்கொம்பே இல்லாமல் பிறந்த எறும்பு ஒன்று வெளியே வந்து அடிபட்டுக் கிடந்தது; தன் கூட்டு எறும்பு ஒன்று அதைப் பக்குவமாகத் தூக்கிப் போனதைப் பார்த்தார். 1882இல் வந்த அவர் நூலில் மனிதர்களைப் போலவே எறும்புகளிலும் கண்டும் காணாமல் போகிறவர்கள் உண்டு, நின்று உதவுகிறவர்கள் உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். நேர்மையான மனிதர். ஆனால் குளோரோஃபார்மும் சாராயமும் எறும்பின் வாழ்க்கையில் எந்தக் காலத்தில் வந்தன? நடக்காத ஒன்றை நடத்திவிட்டு, ஏன் உதவவில்லை என்றால் எறும்பு என்ன செய்யும்?

விடை வந்தது போர்க்களத்திலிருந்து. அதுவும் கறையான் போர்க்களத்திலிருந்தே. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் கொமோவே தேசியப் பூங்காவில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபிராங்க் என்ற இளம் ஆய்வாளர் மெகாபோனேரா அனாலிஸ் என்ற எறும்பைப் பின்தொடர்ந்தார். கறையானைத் தவிர வேறெதையும் தின்னாத எறும்பு இது. நம் ஊர்வல எறும்பின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாளுக்கு இரண்டு முதல் நாலு முறை, 200 முதல் 600 பேர் வரை அணிவகுத்துப் போகும். பெரியவர்கள் மண்பூச்சை உடைப்பார்கள். சிறியவர்கள் உள்ளே புகுந்து கறையானை இழுத்துப் போடுவார்கள். காயம் சிறியவர்களுக்குத்தான் அதிகம். தாக்குதலுக்குப் போகிறவர்களில் 22 விழுக்காடு வரை ஒன்றோ இரண்டோ கால் இழந்தவர்கள் என்று அவருடைய குழு பிற்பாடு எண்ணிச் சொன்னது.

2017இல் வந்த முதல் கட்டுரையில் ஃபிராங்க் இரக்கத்தைப் பற்றிப் பேசவில்லை, வரவு செலவைப் பேசினார். காயம்பட்ட எறும்பு தாடைச் சுரப்பியிலிருந்து இரண்டு கந்தகச் சேர்மங்களை விடுகிறது; கூட்டாளி அதை மோந்து பார்த்துத் தூக்கிக்கொள்கிறது. தூக்காமல் தனியே திரும்ப விட்டபோது 32 விழுக்காடு வழியிலேயே செத்தன, பெரும்பாலும் தாவும் சிலந்திகளின் வாயில். தூக்கிவந்தவை ஒரு நாளுக்குள் நாலு காலில் ஓடப் பழகி, ஏறக்குறைய பழைய வேகத்தை எட்டி, மறுபடி படையில் சேர்ந்துகொண்டன. இந்தக் கூட்டில் நாளொன்றுக்குப் புதிதாகப் பிறப்பது சுமார் 13 எறும்பு. காப்பாற்றப்படுவது 9 முதல் 15 வரை. அதாவது பிறப்புக்குச் சமமாக மீட்பு. மீட்பு இல்லாவிட்டால் இருக்கக்கூடியதைவிடக் கூடு 29 விழுக்காடு பெரிதாக இருக்கிறது. நூறாண்டு விவாதத்தை முடித்துவைக்க இந்தக் கணக்கு போதும்.

நாடகமும் உண்டு. லேசாக அடிபட்ட எறும்பு தனியாக இருக்கும்போது விறுவிறுவென்று நடக்கும். கூட்டாளி பக்கத்தில் வந்தால் தள்ளாடி விழும். (ஆபீஸ் போகிறவர்கள் யாரும் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம்.) தூக்க வந்தால் கால்களை மடக்கி, கூட்டுப்புழு போலச் சுருண்டு கொடுக்கும். ஐந்து கால் போனதோ அப்படிச் செய்யாது. உதறும், சுழலும், பிடி கொடுக்காது. தூக்க வந்தவர் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நெப்போலியன் படையின் சர்ஜன் லாரே காயக்காரர்களைத் தரம் பிரித்து, யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இங்கே அந்தத் தரம் பிரிப்பைச் செய்வது காயம்பட்டவரே.

லாத்ரேய் பார்த்த துளிக்கும் 2018இல் பதில் கிடைத்தது. கூட்டுக்குள் காயத்தை நிமிடக்கணக்கில் நக்கிவிடுகிறார்கள். நக்காமல் பிரித்து வைத்தவற்றில் 80 விழுக்காடு ஒரு நாளுக்குள் செத்தன. நக்கப்பட்டவற்றில் 10 விழுக்காடுதான். 2023இல் இன்னும் உள்ளே போனார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற, ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பாக்டீரியா புண்ணில் ஏறினால், காயக்காரரின் மேல்தோலின் வேதி மணமே மாறுகிறது. அதை அறிந்துகொண்டு, மார்பின் பின்பக்கச் சுரப்பியிலிருந்து எடுத்த திரவத்தைப் புண்ணில் தடவுகிறார்கள். அதில் நூற்றுக்கு மேற்பட்ட வேதிச் சேர்மங்களும் 41 புரதங்களும் இருக்கின்றன. பல கிருமியைக் கொல்பவை. இந்த மருத்துவத்தால் தொற்றுச் சாவு 90 விழுக்காடு குறைந்தது. புண் ஏறாதவருக்கு அந்த மருந்தை அவ்வளவாகச் செலவழிப்பதில்லை. காய்ச்சல் என்று சொல்வதற்குள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் நம் மருந்துக்கடைகளை நினைத்துக்கொண்டேன்.

எதிரணியைப் பார்க்க வேண்டும். கறையான் கூட்டில் காயம்பட்டவருக்கு மருந்து கிடையாது. பல வகைக் கறையான்கள் காயம்பட்ட கூட்டாளியைத் தின்றுவிடுகின்றன. மரத்தையும் சருகையும் தின்று வாழ்பவருக்கு நைட்ரஜன் அரிது. உடம்பை வீணாக்க மாட்டார்கள். இங்கே சாதாரணமாகக் காணும் மண்புற்றின் ராணியோ நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டையிடுகிறவள். 1961இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் புது டாங்கி செய்யும் வேலையும் உண்டு, ஓடிக் களைத்த டாங்கியைப் பிரித்துச் சீர் செய்யும் வேலையும் உண்டு. கறையானிடம் முதல் பட்டறை மட்டும்தான் இருக்கிறது. நாளுக்கு 13 பேர் பிறக்கும் எறும்புக் கூட்டுக்கு இரண்டாவது பட்டறை இல்லாமல் முடியாது.

எறும்பின் வைத்தியமும் எப்போதும் மென்மையானதல்ல. ஆஸ்திரியாவில் சில்வியா கிரெமர் குழு 2018இல் காட்டியது: பூஞ்சைத் தொற்று உள்ளே புகுந்துவிட்ட கூட்டுப்புழுவை எறும்புகள் உறை கிழித்து, உடம்பில் துளையிட்டு, அமிலம் பீய்ச்சிக் கொன்றுவிடுகின்றன. நம் அடுக்குத் தேனீக்களும் சிலந்திப்பேன் ஏறிய வேலைக்காரப் புழுக்களைப் பிடுங்கி வெளியே எறிகின்றன. பிழைக்கும் என்றால் மருந்து, பரவும் என்றால் சாவு.

இப்போது பூந்தமல்லி சர்ஜனின் கேள்விக்கு வரலாம். 2024 ஜூலையில் ஃபிராங்கும் லோசான் பல்கலைக்கழகத்தின் லோரான் கெல்லர் முதலியவர்களும் வெளியிட்ட கட்டுரை ஃபுளோரிடாவின் காம்பனோடஸ் எறும்பு பற்றியது. இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மார்புச் சுரப்பி இல்லை. மருந்து இல்லாத வைத்தியர். தொடையில் காயம் ஏற்படுத்திக் கிருமி ஏற்றியபோது கூட்டாளிகள் முதலில் புண்ணை நக்கின. பிறகு நக்கிக்கொண்டே மேலே போய், கால் உடம்போடு சேரும் மூட்டில் கடிக்கத் தொடங்கின. திரும்பத் திரும்ப, அதே இடத்தில், குறைந்தது 40 நிமிடம், கால் துண்டாகிற வரை. காயம்பட்ட எறும்பு காலை நீட்டிக் கொடுத்துக்கொண்டு அசையாமல் நின்றது. தனியே விட்டால் பத்தில் நாலு பேர்கூடப் பிழைக்காத காயம் அது. வெட்டியபின் 90 விழுக்காட்டுக்கு மேல் பிழைத்தன.

முழங்காலுக்குக் கீழே காயம் என்றால் வெட்டவே இல்லை. நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி. அதற்கே பிழைப்பு 15 விழுக்காட்டிலிருந்து 75க்கு ஏறியது. இங்கேதான் விஷயம். எறும்பின் தொடையில் ரத்தநீரை ஓட்டும் தசைகள் இருக்கின்றன. அவை அடிபட்டால் ஓட்டம் மந்தமாகி, கிருமி உடம்புக்குள் போக நேரமெடுக்கும். 40 நிமிட அறுவைக்கு அவகாசம் உண்டு. கீழ்க்காலில் அந்தத் தசை குறைவு, கிருமி மளமளவென்று ஏறிவிடும்; வெட்டி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆய்வாளர்கள் தாங்களே கீழ்க்காலில் காயம்பட்டவற்றின் காலை மேலே எடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கிரிமியாவின் கூடாரங்களில் எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது என்று கத்தியோடு நின்றவர்களைவிட இந்த எறும்புகளின் பிழைப்பு விகிதம் நன்றாகவே இருக்கிறது. யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஃபுளோரிடா என்றதும் தூரம் என்று நினைக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து வீடுகளின் சமையலறை ஓரத்தில் சர்க்கரை டப்பாவைச் சுற்றி வரும் பெரிய கறுப்புக் கட்டெறும்பும் காம்பனோடஸ்தான். தரங்கம்பாடியிலிருந்து போன எறும்பைப் பார்த்து டேனிஷ் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1787இல் பெயர் கொடுத்தது. ஜெர்டன் பிறப்பதற்கு 24 ஆண்டு முன்பு.

ஏரிக்கரையில் ஊர்வல எறும்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. திரும்பி வரும் வரிசையைப் பாருங்கள், போகும் வரிசையில் ஒன்றும் தெரியாது. வாயில் வெளுத்துத் தொங்குவது கறையான். கறுத்த உடம்பு ஒன்று கால்களை மடக்கிச் சுருண்டிருந்தால் அது தூக்கப்பட்ட கூட்டாளி. மாலை வெயில் சாய்வாக விழும்போது இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிக்கலாம். செருப்போடு வரிசைக்குள் நிற்க வேண்டாம். இதன் கொடுக்கு நன்றாகவே வலிக்கும்.

அடுத்த இதழில்: 1955 ஜனவரி, ஆவடி காங்கிரஸ்.

(தொடரும்)